அண்ணனுக்கு வெறும் தண்ணீர்

ஹட் பே

சென்னையில் எத்தனையோ நோயாளிகளுக்கு விழுங்கக் கற்றுக்கொடுக்கும் என் மகளே,

நீ அனுப்பிய புது ஆராய்ச்சியை ஒரே மூச்சில் படித்தேன். இந்தத் தீவு டாக்டருக்கே நான்தான் விளக்கினேன். எழுந்து நின்று கேட்டார் என்றால் நம்புவாயா?

பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அப்பாவுக்குப் புரையேறாமலிருக்கத் தண்ணீரிலும் தேத்தண்ணியிலும் மாவு கலந்து கூழாகத்தான் கொடுத்தோம். என் அண்ணனோ வாயையே மூடிக்கொண்டார். நாக்கு வறண்டு வெடித்தது. இனி மூக்கில் குழாய்தான் என்றார்கள். நீதான் வீடியோவில் அவரைப் பார்த்துவிட்டு, கிருமி நுரையீரலுக்குள் போகாதபடி வாயை நன்றாகத் துலக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, வெறும் தண்ணீரைச் சிறு மடக்காகக் கொடுக்கலாம் என்றாய்.

துலக்குவதுதான் பெரும்பாடு. தோட்டத்து ஆட்களையே அதட்டி வேலை வாங்கிய மனுஷன், தம்பி கையை வாய்க்குள் விடுவாரா? கடித்துவிட்டார். ஓடை முதலையிடமே தப்பியவன் நான்! உன் சித்தி சிரித்தாள்: "பெரிய டாக்டரு! மொதல்ல ஒங்க வெரலுக்குக் கட்டுப் போடுங்க."

என்னால் முடியவில்லை, மகளே. கை ஓய்ந்துபோய், "அண்ணே, அடுத்த கப்பல்ல ஒங்க மக வருது. வாய் நாறினா கிட்ட வருமா?" என்று சொல்லிவிட்டேன். உடனே வாயைத் திறந்தார். துலக்கினேன். அரை டம்ளர் தண்ணீர் குடித்தார், இருமவே இல்லை.

இப்போது தினமும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் கை காட்டுகிறார். உனக்கு லீவு கிடைக்காது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் எவ்வளவோ கதை அளந்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நீ வந்து உண்மையாக்கிவிடு.

கண்ணயர நேரமில்லாத உன் சித்தப்பா