பூதமாக நடித்தவர் இறந்த நாள்

1971, ஆடி மாதம், புதன்கிழமை.

படத்தில் பூதமாக வந்து ஊரையே சிரிக்க வைத்த நடிகர் இறந்துவிட்டார் என்று காலை ரேடியோவில் சொன்னார்கள். அம்மா எழுந்துபோய், உறவில் ஒருவர் போய்விட்டதுபோலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

"சினிமாக்காரன் செத்தா நீ ஏன்டி தல முழுவுற? மாமனா, மச்சானா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"எங்க வூட்டுக்காரரும் அப்புடியேதான் சிரிப்பாங்க" என்றாள் அம்மா.

பீங்கான் சூளையில் வேலை முடிந்து வரும்போது, அப்பா தெருவிலிருந்தே அந்தப் பூதச் சிரிப்பைச் சிரிப்பார். பம்பாய்க்குப் போனவரிடமிருந்து சில வருடங்களாக ஒரு தகவலும் இல்லை. இருக்கிறாரா என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஈரத்தலையோடு அம்மா கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். குங்குமச் சிமிழைத் திறக்கவில்லை. பிறகு என்னிடம் கேட்டாள்.

"வச்சிக்கட்டுமாடி?"

நானே வைத்துவிட்டேன். பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.