அண்ணன் திருவாதவூருக்குக் கிளம்புமுன்

மதுரை,
21-6-82, திங்கட்கிழமை.

அன்பு மகன் வெள்ளைத்துரைக்கு சித்தப்பா காசிமாயன் எழுதிக்கொள்வது. இது இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் போன தைப்பொங்கலுக்கே சொல்லிவிட்டேன், உன் சித்தி ரெங்கம்மாள்தான் சாட்சி, அவளைக் கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறாள், அது வேறு விஷயம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், பிலாயில் அந்த இரும்பு உலைச் சூட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் எங்களுக்குக் கவலை, வாரம் ஒரு கார்டாவது போடு. பரீட்சை முடிந்ததிலிருந்து இங்கே எங்களோடு இருக்கிற உன் தங்கை செல்லத்தாய் பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்றுப் பதினொன்று வாங்கிப் பாஸாகிவிட்டாள், நானூற்றுக்குக் குறைய மாட்டாள் என்றும் நான்தான் சொன்னேன். இன்லண்டில் அடங்காத விஷயம் என்பதால் கவர் வாங்கி எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன், எண்ணெய் கேட்காத சைக்கிள் செயினுக்கு இரண்டு தடவை எண்ணெய் விட்டாயிற்று.

என் தொழில் உனக்குத் தெரியும், கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் புத்தகம் வாடகைக்குக் கொடுப்பது, ஆனால் நீ போன பிறகு அது எங்கேயோ போய்விட்டது. காளவாசலிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் பதினாலு வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கிற பிள்ளைகள் எந்த நாவலைப் படிக்க வேண்டும் என்று இன்றைக்கு முடிவு செய்வது நான்தான். பெரியவர்களுக்கு வாரப் பத்திரிகையைக் கொடுத்தால் போதும், இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் கைப்பக்குவம் வேண்டும். என்ன பிடிக்கும் என்று அவர்களிடம் கேட்கவே கூடாது, பின்னால் அம்மா நின்றால் பிள்ளை அம்மாவுக்குப் பிடித்ததைச் சொல்லும். நான் மூன்று புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு, தாயி ஒரு சொம்பு தண்ணி குடும்மா என்பேன், அந்த அம்மா உள்ளே திரும்பியதும் பிள்ளையின் கை எந்தப் புத்தகத்துக்குப் போகிறதோ அதுதான் அதற்கான புத்தகம். அப்படித்தான் யுனிவர்சிட்டி புரொபசர் ஒருவரின் மகன், கிரிக்கெட் ஸ்கோரைத் தவிர ஒன்றும் படிக்காதவன், என்னிடம் ஒரு கப்பல் கதை வாங்கிப் போய் மறுவாரமே மூன்று கேட்டான். அந்த புரொபசர் நடு ரோட்டில் என்னைக் கும்பிட்டு, ஒரு யுனிவர்சிட்டி செய்யாததை நீங்க ஒத்த ஆளாச் செஞ்சிட்டீங்கண்ணே என்றார், ஸ்கூட்டரை நிறுத்தாமல்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். நம் தெரு பிலோமினாள் டீச்சருக்கு மட்டும் என்னைக் கண்டால் கிண்டல், ஆறாப்பு படிச்சிட்டு எங்க பிள்ளைகளுக்கெல்லாம் நீங்கதான் ஹெட்மாஸ்டரா காசிமாயண்ணே என்று கேட்டது. ஏழாப்பிலயும் ரெண்டு மாசம் இருந்தேன் டீச்சர் என்றேன், அதற்குமேல் அந்த அம்மாவால் பேச முடியவில்லை, சிரித்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செல்லத்தாய்க்கு நான் வைத்த மூன்றில் ஒன்றையும் அவள் தொடவில்லை, நேரே பெட்டிக்குள் கையை விட்டு அட்டை இல்லாத ஒரு பைண்டை எடுத்தாள். யாரோ ஒரு புண்ணியவதி வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு அது. மானாவாரிக் காட்டு ஊர்ப் பெண் ஒருத்தி, பதினாறு வயதில் கல்யாணம் பேசுகிறார்கள், அவள் படிக்க வேண்டும் என்று நிற்கிறாள், கடைசியில் அப்பனே சம்மதித்து பஸ் ஏற்றி விடுகிறான், இதுதான் கதை. செல்லத்தாய் இதை நாலு தடவை படித்தாள். ஐந்தாவது தடவை எடுத்தபோதே எனக்குத் தெரியும், இது புத்தகத்தோடு நிற்காது என்று.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லுப்பட்டியில் உன் அம்மாவின் தம்பி விருமாண்டி பூ வைக்க வந்திருந்தான், தாய்மாமன் உரிமை, ஆவணியில் முகூர்த்தம் என்று பேச்சு. விருமாண்டியை நான் குறை சொல்ல மாட்டேன், தங்கமான பையன், எனக்குத் தனியாக வெற்றிலை வாங்கி வந்தான். தட்டை எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான், நம் பிள்ளை கூடத்துக்கு வந்து, யப்பா நான் மதுரையில பதினொண்ணாப்புச் சேரணும், அந்தக் கதையில அந்தப் பிள்ளையோட அப்பா ஒத்துக்கிட்டாருல்ல, நீங்களும் ஒத்துக்கங்க என்று சொல்லிவிட்டது. உன் அப்பா, என் அண்ணன் சிவனாண்டி, கதை என்கிற பேச்சையே காதில் வாங்கவில்லை, எந்த ஊருப் பிள்ளைடி அது, யாரு அவ அப்பன் என்றார். செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். நான் விடுவேனா, அது நிஜமா நடந்ததுண்ணே, திருவாதவூரு மொக்கையன்னு எனக்கு நல்லாப் பழக்கம், மகளை மதுரைக்கு அனுப்பித்தான் படிக்க வச்சாரு, இன்னைக்கு அந்தப் பிள்ளை மேலூருல டீச்சரு, அப்பனுக்கு வருசா வருசம் வேட்டி எடுத்துக் குடுக்குது என்று எடுத்துவிட்டேன். விருமாண்டிதான், அவசரமில்ல மச்சான், ஆவணி வரைக்கும் நாள் கிடக்கு என்றான். அண்ணன் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு என்னிடம், அந்த மொக்கையனை நான் பாக்கணும்டா, பொட்டப்பிள்ளையை வெளிய அனுப்பிட்டு அந்த மனுசனுக்குச் சோறு எறங்குச்சான்னு அவரு வாயால கேக்கணும், அவரு நல்லதுன்னு சொன்னா நான் கையெழுத்துப் போடுறேன், இல்லேன்னா அன்னைக்கே பிள்ளையைக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன் என்றார்.

வருகிற ஞாயிறு 27-ம் தேதி அண்ணன் இங்கே வருகிறார். பிலோமினாள் டீச்சர் சேர்க்கை பாரத்தை எல்லாம் எழுதி, அப்பா கையெழுத்து இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, மறுநாள் திங்கட்கிழமைதான் கடைசி. செல்லத்தாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, சித்தப்பா மொக்கையன் பெரியவருக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா, ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பாருல்ல என்கிறாள். எனக்கும் கை ஓடவில்லை. இன்று காலை புரொபசர் மகனுக்குச் சமையல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். காளவாசல் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய்விட்டேன். தபாலாபீசில் இரண்டு தடவை விசாரித்தேன், இந்தக் கவர் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள். கிடைத்த கையோடு நீ கல்லுப்பட்டிக்குத் தந்தி அடித்தால் சனிக்கிழமை அண்ணன் கைக்குப் போய்விடும், தங்கையைப் படிக்க வையுங்கள் என்று மூத்த மகன் சொன்ன பிறகு அவர் திருவாதவூர் வரை அலைய வேண்டியதே இல்லை பார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போய்விடாதே. வெறும் வயிற்றில் டீயாகக் குடித்துக்கொண்டிருக்காதே, ஊறுகாய் முடிந்திருந்தால் எழுது, சித்தி போட்டு அனுப்புவாள்.

சற்று முன் கல்லுப்பட்டி பஸ் கண்டக்டர் வந்து ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவை ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று அண்ணன் தோட்டத்தில் ஒரு வாழைத்தாரை வெட்டிப் பழுக்க வைத்திருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து என்னால் உட்காரவே முடியவில்லை, அதனால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கதை இருக்கிறது, அந்த அப்பன் சம்மதித்ததும் அச்சில் இருக்கிறது, பக்கத்தைக் காட்டுவேன். திருவாதவூர் மொக்கையன்தான் இல்லை. அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது, நான் மேலூர் ரோட்டில் போனபோது போர்டில் பார்த்த ஊர்ப்பேர் அது. அண்ணன் அச்சில் இருப்பதை நம்ப மாட்டார், பிள்ளையை அனுப்பிவிட்டுத் தாங்கிக்கொண்ட ஒருவர் வாயால் சொல்ல வேண்டும் அவருக்கு. அப்படி ஒருவர் கிடையாது, ஆனால் அனுப்பப்பட்ட பிள்ளை நீ இருக்கிறாய். பிள்ளையை வெளியே அனுப்பியது நல்லதா என்று அவர் கேட்க நினைத்ததற்கு நீ பதில் சொல், தந்தியில் அடங்காவிட்டால் லீவு போட்டுக் கிளம்பி வா. செல்லத்தாயிடம் நானே சொல்லிவிடுகிறேன், இன்னும் சொல்லவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க எல்லா தெய்வமும் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
ப. காசிமாயன்