கார்த்திகையில் கறுப்புச் சட்டை

12.11.2025, புதன்

குக்கரில் சாதம் வைத்தேன். கஞ்சி வந்தது. உப்புப் போட்டுக் குடித்துவிட்டேன்.

என் மனைவி அழகி இன்னும் அன்னவாசலில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் நாகராசு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு பேரும் போனோம். நான் மட்டும் திரும்பி வந்தேன். காரணம் ஒரு சட்டை. தன் சேலைக்கு மேட்சாக எனக்குக் கிளிப்பச்சையில் எடுத்து வைத்திருந்தாள். நாற்பத்தாறு வயது, புதுக்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், கிளிப்பச்சை போடலாமா? போட்டேன். அதுவே பெரிய தியாகம். பந்தியில் எவனோ என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து சாம்பாரும் சட்டையில் தெறித்தது. "அறிவிருக்கா ஒனக்கு? கிளி ஜோசியக்காரன் மாதிரி என்னைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்கே" என்று அழகியிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட நின்றுபோனது.

என் சுபாவம் அப்படி. கல்யாணமான மறுநாளே அவளுக்குத் தெரியும். இப்போது என்ன புதிதாக?

13.11, வியாழன்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாகராசு போட்டோக்களைப் போட்டிருக்கிறான். அதில் நான் நடந்து வருகிறேன். தொப்பை முதலில் வருகிறது, நான் பின்னால் வருகிறேன். இதோடவா இத்தனை நாள் ஊருக்குள் நிமிர்ந்து திரிந்தேன்?

யூடியூபில் ஒரு பையன் சொல்கிறான்: கறுப்புப் போட்டால் ஆள் மெலிந்து தெரியுமாம். காலர் பட்டனையும் போட்டுக்கொண்டால் கழுத்து நீளமாகத் தெரியுமாம். 'நீங்க வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே உங்க சட்டை பேசிரும்' என்றான். நல்லதுதான். நான் பேசினால்தானே பிரச்சினை வருகிறது.

14.11, வெள்ளி

கீழ ராஜ வீதியில் கறுப்புச் சட்டை ஐந்து வாங்கினேன். "இப்பவே எடுத்துக்கிட்டீங்க, நல்லதாப் போச்சு. சீசன் ஆரம்பிச்சா சைஸ் கிடைக்காது" என்றான் கடைக்காரன். ஊரில் எல்லாருக்கும் தொப்பை போட்டிருக்கிறது போலும்.

16.11, ஞாயிறு

ஷேவ் பண்ணவில்லை, நாலைந்து நாளாகவே. யார் பார்க்கப் போகிறார்கள்?

17.11, திங்கள்

காலையில் புதுச் சட்டையோடு கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு வெறுங்காலோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஒரு காலேஜ் பையனை எழுப்பிவிட்டான். "சாமிக்கு எடம் குடுப்பா."

எந்தச் சாமிக்கு என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்கிறான். கறுப்புச் சட்டை, தாடி, வெறுங்கால். அப்புறம்தான் உறைத்தது - இன்றைக்குக் கார்த்திகை ஒன்று. சபரிமலைக்கு மாலை போடுகிற நாள்! எங்கள் வீட்டில் யாரும் மாலை போட்டதில்லை, எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சீட் ஜன்னலோரம். உட்கார்ந்துவிட்டேன். அது ஒரு தப்பா?

தப்புதான். இறங்கும்போது எதிர் பஸ்ஸுக்கு நின்ற நாகராசு என்னைப் பார்த்துவிட்டான். கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

18.11, செவ்வாய்

மத்தியானம் பிரியாணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பதறிப்போனார். "சாமி, யாருக்குங்க?"

"நாய்க்கு" என்றேன். வாயில் அதுதான் வந்தது. எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

"நீங்க கையால தொட வேணாஞ் சாமி. வீடு எங்கிட்டுன்னு சொல்லுங்க, நானே கொண்டாந்து நாய்க்குப் போட்டுட்டு வாரேன்."

நாய்க்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தயிர்சாதம்.

வேறு சட்டை போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அழகி இல்லாமல் துவைக்காத சட்டையெல்லாம் மூலையில் மலையாகக் கிடக்கிறது. சுத்தமாக இருப்பது கறுப்பு மட்டும்தான்.

19.11, புதன்

கார் பழக வரும் கலைமதி டீச்சருக்கு இன்றும் கிளட்ச் வரவில்லை. மூன்று வாரமாக ஓட்டுகிறார்கள், இன்னும் வண்டி தவளை மாதிரிதான் போகிறது. திருக்கோகர்ணம் திருப்பத்தில் நடுரோட்டில் நின்றது. "ஏங்க..." என்று ஆரம்பித்தேன். டீச்சர் மெதுவாகத் திரும்பி, "சாமி கோவப்படலாமா?" என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரியே கேட்டார்கள்.

முழுங்கினேன். "மெதுவா விடுங்க டீச்சர். அவசரமில்ல." இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து நானே முதல்முறையாகக் கேட்கிறேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அதற்கப்புறம் ஒருமுறைகூட வண்டி நிற்கவில்லை. தற்செயலாக இருக்கும்.

20.11, வியாழன்

திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் ஜனனி போன் பண்ணினாள். "அப்பா, மாலை போட்டிருக்கீங்களாமே! மாமா சொன்னாங்க. அம்மா கேட்டதும் அழுதுட்டாங்கப்பா."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அழுதாள் என்றதும் எனக்கு வாயே எழவில்லை. "ம்" என்றேன். ஒரு "ம்" பொய்யில் சேருமா?

22.11, சனி

அழகி வந்துவிட்டாள்!

வந்ததும் வீட்டைக் கழுவினாள். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், ஹாலில் தனிப் பாய். நேற்றுத்தான் நான் வாங்கிய புதுச் செருப்பைப் பரணில் போட்டாள். "வெரதக்காரர் இருக்கிற வீட்ல பொம்பளை இல்லாம எப்படி? எனக்குக் கோவமெல்லாம் இல்லைங்க. நம்மாளு வாயைக் கட்டி நாப்பத்தெட்டு நாள் இருக்கப் போறாருன்னா, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்?

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

23.11, ஞாயிறு

இருட்டோடு எழுப்பிப் பச்சைத் தண்ணீரில் குளிக்க அனுப்பிவிட்டாள். உயிர் போய் வந்தது. சொல்லவில்லை.

26.11, புதன்

வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, முட்டை இல்லை. காலில் முள். சட்டையைக் கழற்ற முடியாது. கழற்றினால் கழுத்தில் மாலை இல்லாதது தெரிந்துவிடும். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காற்று வாங்குகிறேன். தொப்பை நிஜமாகவே குறைகிறது. யூடியூப் பையனுக்கு இந்த வழி தெரிந்திருக்காது.

இன்று சாயங்காலம் ஒன்று நடந்தது. துவைத்த துணியை மடித்துக்கொண்டே அழகி பேசினாள். அந்தப் பச்சைச் சட்டைக்காகப் பல கடை ஏறி இறங்கினாளாம். "இருவத்திரண்டு வருஷத்துல நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டு ஒரு போட்டோகூட இல்லைங்க. அதான் எடுத்தேன்" என்றாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். கேட்டால் இவ்வளவு பேசுவாளா இவள்? நான் பாட்டுக்கு அழகி பேச்சுக் குறைந்தவள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

30.11, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு நம் வீட்டில் ஐயப்ப பஜனையாம். நாகராசு அன்னவாசலிலிருந்து குருசாமியை அழைத்து வருகிறானாம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அழகி சொல்லியாகிவிட்டது. குருசாமி வந்தால் முதல் கேள்வியே, "சாமிக்கு யாரு மாலை போட்டுவிட்டது?"

நான் என்ன சொல்வது, கீழ ராஜ வீதிக் கடைக்காரன் என்றா?

3.12, புதன்

சொல்லவில்லை. பெரிய கார்த்திகை. வாசல் முழுக்க விளக்கு வைத்தாள். இன்றைக்கு எப்படிச் சொல்வது?

5.12, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலர் பட்டனைக் கழற்றிக் காட்டினேன். தொப்பைக்காகச் சட்டை வாங்கியது, செருப்பு அறுந்தது, சீட் கிடைத்தது, நாய், எல்லாம். சிரிப்பாள் என்று நினைத்தேன். நாய்க் கதைக்காவது சிரிப்பாள் என்று நினைத்தேன்.

ரொம்ப நேரம் என் கழுத்தையே பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "அப்ப சாமிக்காக வாயை அடக்கலையா?"

"இல்ல. நாலு பேரு என்ன நெனைப்பாங்கன்னுதான்..."

"கண்டக்டர் நெனைப்பாரு, பிரியாணிக் கடைக்காரர் நெனைப்பாரு, டீச்சர் நெனைப்பாங்க. அவுங்களுக்காக அடக்கத் தெரிஞ்சிருக்கு. சுபாவம், சுபாவம்னு இத்தன வருஷமா எங்கிட்டச் சொன்னீங்களே. நானும் பாவம், மனுஷனுக்குக் கையில இல்லாத விஷயம்னு நம்பிக்கிட்டு இருந்தேனே. அது எங்கிட்ட மட்டுந்தானா?"

ஏதாவது சொல்லியிருக்கணும். என்னத்தச் சொல்ல? அவ சொன்னது சரிதானே?

6.12, சனி

விடிந்ததும் போய்விட்டாள். "பஜனைக்கு வாரவுங்ககிட்ட நீங்களே சொல்லிக்கங்க" என்று மட்டும் சொன்னாள். பரணிலிருந்து என் செருப்பை எடுத்து வாசலில் போட்டிருந்தாள்.

அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு பத்துமணி வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அன்னவாசல் போகலாம் என்று பீரோவைத் திறந்தேன். என்ன போடுவது? கறுப்புப் போட்டால் பொய். பச்சை போட்டால் நாடகம். கிரீஸ் கறை படிந்த வேலைச் சட்டை ஒன்றை அவள் துவைத்து வைத்திருந்தாள், அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

நாகராசு வீட்டு ஹாலில் நாலைந்து பேர் நாளைய பஜனைச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அன்றைக்குப் பந்தியில் இருந்தவர்கள்தான். நின்றபடியே சொன்னேன். மாலை போடவில்லை, போட்டதாக நடித்தேன் என்று. நாகராசு அரிவாள்மனையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாப்ள, அப்ப நீங்க நாயும் வளக்கலையா?" என்றான். அந்தக் கதை அன்னவாசல் வரைக்கும் வந்திருக்கிறது! ஒருத்தர் சிரித்து, எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். குருசாமியிடம் அவனே போய்ச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான்.

அழகி அடுப்படி வாசலில் நின்றாள். அவளைப் பார்த்துச் சொன்னேன்: "சுபாவம்னு சொன்னது பொய்தான். ஒங்கிட்ட அடக்கணும்னு எனக்குத் தோணல. நீ எங்க போயிரப் போறேன்னு இருந்துட்டேன்." எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன். கத்தியதும் எல்லார் முன்னாடிதானே.

அவள் எனக்கு இலை மட்டும் போட்டாள். சாப்பிட்டேன். தனியாகத் திரும்பினேன்.

7.12, ஞாயிறு

விஷயம் தெரியாமல் பஜனைக்கு வந்த பக்கத்து வீட்டு மூக்காயி அக்காவிடம் சொன்னேன். கொண்டுவந்த தேங்காயை என்னிடம் கொடுக்கலாமா, திரும்ப எடுத்துப் போகலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எடுத்துப் போனார்கள்.

8.12, திங்கள்

ஷேவ் பண்ணினேன். கண்டக்டர் என்னை அடையாளமே காணவில்லை. நின்றுகொண்டே போனேன்.

10.12, புதன்

கட்டம்போட்ட பழைய சட்டை. தொப்பை பாதிதான் இருக்கிறது, அதுவும் நன்றாகவே தெரிகிறது.

கலைமதி டீச்சர் ரிவர்ஸ் எடுத்து என் ஆபீஸ் கேட்டை இடித்துவிட்டார்கள். பின் விளக்கு நொறுங்கியது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்து நின்றன. இறங்கி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"சார், நீங்கதான் மாலையைக் கழட்டிட்டீங்களே" என்றார்கள் டீச்சர்.

"போடவே இல்லைங்க டீச்சர்."

"அப்ப ஏன் திட்டலை?"

"இரும்புக் கேட்டுதானே, நிமித்திக்கலாம்" என்றேன். வீட்டுக்கு வந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வீட்டில் யாருமில்லை.

13.12, சனி

ஜனனி போன். "டீச்சர் கேட்டை இடிச்ச கதையைச் சொல்லி அம்மா சிரிச்சாங்கப்பா" என்றாள். அழகிக்கு யார் சொன்னது? இந்த ஊரில் எதுவும் தங்காது. முதல்முறையாக அது எனக்குப் பிடித்திருந்தது.

14.12, ஞாயிறு

மத்தியானம் அழகி வந்தாள். முன்னறிவிப்பு கிடையாது. நான் பனியனோடு சட்டைகளை அலசிக்கொண்டிருந்தேன். "கறுப்பைத் தனியா ஊறப்போடணும். கட்டம்போட்டதுல சாயம் எறங்கிருச்சு பாருங்க" என்றாள். "சரி" என்றேன். மற்ற துணிகளைத் தனியாக எடுத்து அவளே அலசினாள். நான் பிழிந்தேன்.

அப்புறம் உள்ளே போய்ப் பையைப் பிரித்துச் சேலைகளைப் பீரோவில் அடுக்கினாள். ஒரே ஒரு சேலையை மட்டும் பையிலேயே விட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அதையும் எடுத்து வையேன்."

"அது அப்படியே இருக்கட்டும். தேவைப்பட்டாக் கெளம்ப."

பையைப் பீரோ மேல் வைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. நான் வாங்கி, அவள் எடுக்க வசதியாக முன்பக்கமாகவே வைத்தேன்.