சிவப்பு மையில் நான்கு வரி

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

செவ்வாய், 11 மார்ச் 2008

குளிர். காலையில் தூறல். அம்மா படுத்துவிட்டார், குளியலறைக்குள் இருந்து எழுதுகிறேன்.

வகுப்போடு பழைய நகரம் பார்க்கப் போனோம். வியா மக்வேதா தெருவில் சப்பாத்துக் கடைகள், ஐஸ்கிரீம் கடை. இரண்டு சந்து தள்ளி ஒரு தேவாலயம். கூரை இல்லை. உள்ளே மரம். பூமியதிர்ச்சியா என்று கேட்டேன். "இல்லை, குண்டு," என்றார் டீச்சர். 1943இல் விமானங்கள் வந்து போட்டனவாம். துறைமுகப் பக்கம் நொறுங்கியதாம். சனங்கள் நிலத்துக்கு அடியில் ஒளித்திருந்தார்களாம். சுற்றியுள்ள வீடுகள் பிறகு கட்டியவை, இது மட்டும் அப்படியே.

இத்தாலியில் வந்து இறங்கிய அன்று அம்மா சொன்னது: "இனிப் பயமில்லை பிள்ளை. இந்த ஊரிலை குண்டு விழாது."

விழுந்திருக்கிறது.

அந்த நேரம் வெளியே பெரிய சத்தம். வரப்போகிற சான் ஜுசெப்பே திருநாளுக்குப் பெடியங்கள் கொளுத்திய வெடி. அது பிறகுதான் தெரியும். "விழுந்து படு!" என்று தமிழில் கத்தி, பக்கத்தில் நின்ற கியாராவையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். அவள் முகம் கல்லில். முன்பல்லில் ஒரு துண்டு போய்விட்டது. இரத்தம்.

பின்னால் ஒருவன்: "நீச்சலா? தண்ணீரைக் காணோமே!" எல்லாரும் சிரிப்பு.

ஏன் இழுத்தாய் என்று டீச்சர் கேட்டார். "விளையாட்டுக்கு," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

புதன், 12

வெயில். கணக்குப் பரீட்சை, பத்துக்கு 7.

டியாரியோவில், அதுதான் பள்ளிக் குறிப்புக் கொப்பியில், டீச்சர் சிவப்பு மையில் நான்கு வரி. உங்கள் மகள் சக மாணவியைக் கீழே இழுத்து விழுத்திப் பல்லை உடைத்தாள். வெள்ளி காலை ஒன்பது மணிக்குத் தாயார் நேரில் வரவும்.

வெள்ளி ஒன்பதுக்குத்தான் எங்களுக்குக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்கும் அனுமதி, புதுப்பிக்க நேரம். மேல்வீட்டு வசந்தி அன்ரி போன கிழமை அம்மாவுக்குச் சொன்னார்: "ஒரு முறைப்பாடு காணும் அக்கா. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

அம்மாவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. பள்ளிக் கடிதமெல்லாம் நான்தான் வாசித்துத் தமிழில் சொல்வது.

"பள்ளிக்கூடத்திலை ஏதும் எழுதி விட்டவையோ?"

"இல்லை அம்மா."

டியாரியோ இப்போது அரிசி வாளிக்குப் பின்னால்.

வியாழன், 13

காற்று. புட்டு, சூரைமீன் குழம்பு. பாதியை மிச்சம் வைத்தேன்.

இடைவேளையில் கியாரா தானாக வந்தாள். "உங்கள் ஊரில் வெடி கேட்டால் எல்லாரும் விழுவீர்களா?" தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பின்னேரம் எங்கள் போர்கோ வெக்கியோ சந்திலும் வெடி. நான் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா மேசைக்கு அடியில், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு.

எழும்பி, "கரண்டி விழுந்தது, எடுத்தனான்," என்றார். கையில் கரண்டி இல்லை.

அம்மாவுக்குச் சொன்னால் விளங்கும். விளங்கினால் நாளைக்குக் குவெஸ்தூராவை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நிற்பார். அதுதான் பயம். வேறு மாதிரி வாசித்துக் காட்டலாம். கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறது என்று சொல்லலாம். அம்மா நம்புவார். ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

குளியலறைக் கதவைத் தட்டுகிறார்.

"பிள்ளை, ஊறப்போட அரிசி எடுக்கப் போனன். வாளிக்குப் பின்னாலை உன்ரை கொப்பி கிடக்கு. சிவப்பு மையிலை என்ன எழுதியிருக்கினம்? வந்து வாசிச்சுச் சொல்லு."

"ஓம் அம்மா, வாறன்."

என்ன வாசிப்ப...