பையின் அடி வரை

அக்டோபர் 1, செவ்வாய்

கடையின் முன்வாசல் காவல் போதாதென்று இன்றிலிருந்து பின்வாசலும் என் தலையில். வேலை முடிந்து வெளியே போகும் ஊழியர் எல்லாருடைய பையையும் நான் பார்க்க வேண்டுமாம். கிடங்கில் மிட்டாய்ப் பெட்டிகள் குறைகின்றன என்கிறார் மேலாளர் தல்காட். சம்மதக் கையெழுத்து ஏற்கெனவே வாங்கியாயிற்றாம். வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய தாள்களில் அதுவும் ஒன்று. நானும்தான் போட்டேன். எதைப் படித்தேன்?

ரொட்டிப் பிரிவிலிருந்து ஷினார் வந்து பையை விரித்துக் காட்டினாள். பதினாறு வருடமாக எனக்கு அடுத்த வீடு. "வாசல்ல நிக்கிறவ பையை யாருடி பார்ப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். யாரும் பார்ப்பதில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காசாளர் டானா, இருபத்து மூன்று வயதுப் பெண், இன்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, கையை உள்ள விடாதீங்க. நான் திறந்து காட்டறேன், நீங்க பாருங்க. அதுக்கு மேல உங்களுக்கு உரிமை கிடையாது." எல்லார் முன்னாலும். எனக்கு எரிச்சல். ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்கு என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11

யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் புருஷனுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கிறாள், எல்லாம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்காமல் பையை மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு, மதியம்

என் புருஷன் செய்ல்கான் இறந்து இன்றோடு ஒரு வருடம். நினைவு விருந்து நல்லபடியாக முடிந்தது. வேலையிடத்தில் யாரையும் கூப்பிடவில்லை. சொந்தமும் பக்கத்து வீடுகளும்தான். விடியற்காலையே ஷினார் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு பவுர்சாக் மாவுருண்டை பொரிக்க உட்கார்ந்தாள். அவருக்கு அவள் பொரித்தால்தான் பிடிக்கும். அதைச் சொல்லி அழுதோம், பிறகு சிரித்தோம்.

எல்லாருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக விருந்துப் பங்கு, சர்க்கித், கட்டிக் கொடுத்தேன். விருந்துக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. ஷினார் பங்கில் பவுர்சாக், கறி, அவள் பேத்திக்கென்று இரண்டு கை மிட்டாய். செய்ல்கானின் பழைய கட்டம்போட்ட கைக்குட்டையில் முடிந்து, நானே அவள் பைக்குள் திணித்தேன். இருவருக்கும் மாலை வேலை. அவள் இங்கிருந்தே நேராக வருகிறாள், ஒரே பேருந்தில் கிளம்புகிறோம்.

அக்டோபர் 21, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

வேலை முடியும் நேரம். தல்காட் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷினார் சிரித்துக்கொண்டே பையை நீட்டினாள். மேலேயே என் பொட்டலம். முடிச்சு தளர்ந்து சிவப்புத் தாள் மிட்டாய் எட்டிப் பார்த்தது. எங்கள் கடை மிட்டாய்தான். பின்னே? வெள்ளிக்கிழமை நான் இங்கேதானே வாங்கினேன்.

ரசீது கேட்டார். சர்க்கித் என்றாள். யார் வீட்டு சர்க்கித் என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

என் வீட்டுது, நான்தான் கட்டிக் கொடுத்தேன் — இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரை வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் வாசலில் நிற்கிறவளும் பை தூக்குகிறவளும் கூட்டு என்று நினைத்துவிட்டால்? ரசீதைத்தான் அன்றைக்கே தூர எறிந்துவிட்டேனே. ரெண்டு பேர் வேலையும் போயிடுமே... இதெல்லாம் அப்பவே யோசிச்சேனா, இல்ல இப்ப மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கறேனா? பயந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல.

ஷினார் காத்திருந்தாள். பிறகு என்மேலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"யார் வீடுன்னு உங்ககிட்ட சொல்லணும்னு இல்ல தம்பி. அது என் சொந்த விஷயம்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி தல்காட் என்னைப் பார்த்தார். எடுத்தேன். நானே, என் கையால். சாவி, சீப்பு, ரத்த அழுத்த மாத்திரை. அடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் மாற்று உள்ளாடையும் இரண்டு பஞ்சுப் பட்டையும். இருமினால் அவளால் அடக்க முடியாது. ஐம்பத்து நான்கு வயதில் அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். டானா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷினார் ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். பொட்டலத்தைத் தல்காட் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது அதே பேருந்தில் அவள் முன்னால் நின்றாள், நான் பின்னால்.

அக்டோபர் 22

'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். எழுத வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 25, வெள்ளி

தல்காட்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா" என்றார், சாதாரணமாக. அவள் எழுதிக் கொடுத்தாயிற்று, இனிக் கிளற வேண்டாம் என்று மேசை இழுப்பறையிலிருந்து பொட்டலத்தை எடுத்து என்னிடமே கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பவுர்சாக் கல்லாகிவிட்டது. கறி நாறியது. இறந்தவர் பேரில் கொடுத்ததைக் குப்பையில் போட மனம் வருமா? கறியைப் பின்புறம் மண்ணில் புதைத்தேன். பவுர்சாக்கை உடைத்துப் புறாக்களுக்குப் போட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஷினார் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டாள், உட்கார வைத்தாள். முதல் கோப்பைத் தேநீரையே விளிம்பு வரை ஊற்றினாள். இருக்கச் சொல்கிறவர்கள் பாதிக் கோப்பைதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு. எனக்குத் தெரியாதா? குடித்தேன். மன்னித்துவிடு என்று சொல்ல வந்தது வாயில் வரவே இல்லை.

ஜனவரி 15

காணாமல்போன மிட்டாய்ப் பெட்டிகள் வேறொரு கிளைக்குத் தவறிப் போயிருந்தனவாம். இன்று வண்டியில் திரும்பி வந்தன. கிடங்கில் அடுக்கிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பை சோதனையை நிறுத்திவிட்டார்கள். டானா எங்கோ புகார் எழுதிப் போட்டாளாம், விசாரிக்க ஆள் வந்ததாம். கையெழுத்து வாங்கியிருந்தாலும் கையை விட்டுத் துழாவக் கூடாதாம். எனக்குப் பழையபடி முன்வாசல். அன்றைக்கு எரிச்சல்பட்டேனே இந்தப் பெண்மேல்.

மார்ச் 22, சனி

நௌரிஸ், எங்கள் வசந்தப் புத்தாண்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள், ஷினாரும் வந்தாள். வராவிட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்களே. சந்தையில் சொந்தமாகப் பவுர்சாக் பொரித்து விற்கிறாளாம், வியாபாரம் பரவாயில்லையாம். கஞ்சி குடித்தாள். நன்றாயிருக்கிறது என்றாள். என் முழங்கால் வலியைக்கூட விசாரித்தாள். எனக்குள் ஏதோ இளகியது. பாதிக் கோப்பையாக மூன்று தடவை தேநீர் ஊற்றினேன், மூன்றையும் குடித்தாள்.

கிளம்பும்போது கட்டி வைத்திருந்த சர்க்கித்தோடு வாசலுக்கு ஓடினேன். அதே கட்டம்போட்ட கைக்குட்டை, துவைத்துத் தேய்த்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். தன் பையை எடுத்து, வாயை அகல விரித்து, அடி வரை தெரியும்படி வெளிச்சத்துக்குச் சாய்த்து என் முன்னால் பிடித்தாள். சாவி, சீப்பு, அந்தப் பிளாஸ்டிக் பை.

"பார்த்துட்டியா ரௌஷன்? இப்ப நான் போகலாமா?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. பின்வாசலில் தினமும் கேட்பாளே, அதே குரல். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

போ, என்றேன்.

பொட்டலத்தை அவிழ்த்துத் தட்டில் திரும்பக் கொட்டிவிட்டேன். கைக்குட்டையை மடித்து என் பையின் அடியில் வைத்திருக்கிறேன்.