நமணசமுத்திரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன்

நேற்று துணிப்பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு எலுமிச்சம்பழம் காய்ந்து கல்லாகக் கிடந்தது. நகத்தால் கீறினேன், இன்னும் வாசம் இருந்தது. குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எலுமிச்சை வாசம் என்றால், சிநேகிதி, எனக்கு நீதான். திருமயத்திலிருந்து திருச்சிக்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் போன ஆறு தடவையும், பஸ்ஸில் என் மூக்கருகே பழத்தைப் பிடித்துக்கொண்டே வருவாய். ஒரு தடவை கண்டக்டர் என் தலையைப் பார்த்து, "எந்தக் கோயில்லம்மா மொட்டை?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், "மாரியாத்தாளுக்குங்க. அவளே கேட்டு வாங்கிக்கிட்டா" என்றாய். வாந்தியை மறந்து சிரித்தேன். பொய் சொல்வதில் உன்னை யார் மிஞ்ச முடியும்?

அந்த ஆறு தடவையும் உன் இடது மார்பில் கட்டி இருந்திருக்கிறது. எனக்கு வந்த அதே புற்றுநோய். என்னைக் காட்டிய டாக்டரிடமே நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மகள் கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம்தான் என்னிடம் வாய் திறந்தாய்.

"பொண்ணு பாத்துட்டுப் போயிருந்தாங்கடி. ஆத்தாளுக்கு வந்தது மகளுக்கு வராதான்னு ஒரு சொல்லு வந்தா? தாலி ஏறட்டும்னு இருந்தேன்."

உன்னை அறையக் கை ஓங்கினேன். அந்தக் கையையே பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். மகளுக்கும் தெரியக்கூடாது, ஊருக்கும் தெரியக்கூடாது, என்றைக்கும். ஊருக்கெல்லாம் மஞ்சள் காமாலை என்று சொன்னாய். தலைப்பிரசவத்துக்குக்கூட அவளை இங்கே அழைத்து வரவில்லை. கோயம்புத்தூரில் மாமியார் வீட்டிலேயே இருக்கட்டும் என்றுவிட்டாய். கடைசி நான்கு நாளைக்குத்தான் அவள் வந்தாள். எல்லாம் தெரிந்தவர்கள் உன் வீட்டுக்காரரும் நானும் மட்டும். போன வருஷம் அவரும் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் ஒருத்திதான்.

எனக்கு உடம்பு தேறிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டினால் போதும் என்றுவிட்டார்கள். இந்தத் தை மாதம், கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களைப் பரிசோதிக்க ஒரு வேன் வாங்குவதற்காக, என்னைப் போல் பிழைத்து வந்தவர்கள் நடந்து நிதி திரட்டினோம். திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரை இருபது கிலோமீட்டர். மாடி ஏறவே மூச்சு வாங்குகிற நான் பெயர் கொடுத்தேன். உன் மகளுக்கு எப்படியோ தெரிந்து, பிள்ளையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்து நின்றாள். "தனியாவா நடப்பீங்க பெரியம்மா? நான் வாரேன்." அப்படியே உன் நடை, உன் வேகம்.

போகிற வழியில் பெண்கள் கூடி நிற்கிற இடத்திலெல்லாம் நின்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு டீக்கடை முன்னால் நின்று சொன்னேன். "கட்டி வலிக்கலையேன்னு விட்றாதீங்க. அம்மாவுக்கு இருந்துச்சுன்னா, மக இன்னும் சீக்கிரமே போய்ப் பாத்துக்கணும்."

என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் உன் மகள். முன்பின் தெரியாத பெண்களுக்குச் சொன்னதை அவளுக்கு நான் சொல்லவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷமும் சத்தியம், சத்தியம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதில் பாதி கோழைத்தனம்.

நமணசமுத்திரத்துக்கு முன்னால், ஆள் இல்லாத ஓரிடத்தில் சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப எங்கம்மாவுக்குக் காமாலை இல்லையா?" என்றாள்.

"இல்லத்தா."

பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள். "நீங்க படுத்திருந்தப்ப மூணு வேளையும் கஞ்சி வச்சுக் கொண்டாந்தேன். ஒங்க மொட்டத் தலையில எண்ணெ தடவி விட்டேன். எங்கம்மாவுக்கு ஒரு வேளை கஞ்சி வைக்க விடலையே, பெரியம்மா. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்னை விடலையே."

பாட்டிலை என் கையில் கொடுத்தாள். எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. மிச்ச தூரத்தை எப்படி நடந்தேன் என்று கேட்காதே. புதுக்கோட்டையில் கை தட்டினார்கள், துண்டு போர்த்தினார்கள். எதுவும் எனக்கு ஏறவில்லை.

அதன் பிறகு நாற்பது நாள் என் ஃபோனை அவள் எடுக்கவில்லை. போன திங்கட்கிழமை அவள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "டெஸ்ட் எடுத்துட்டோங்க. ஒண்ணும் இல்லையாம். வருஷா வருஷம் பாக்கச் சொல்லியிருக்காங்க." மாமியார் வீட்டில் சொல் வந்துவிடும் என்று பயந்தாயே. மாமியார்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதைக் கேட்டதும் உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் அழுகை வந்தது.

பின்னால் அவள் பிள்ளையை அதட்டுகிற குரல் கேட்டது. அவளிடம் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்றேன். அவளைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இப்ப வேணாங்கிறா."

இந்தக் கடிதத்தில் எங்கேயும் உன் பெயரை நான் எழுதவில்லை. அந்த மட்டுக்கும் உன் சத்தியம் காப்பாற்றப்பட்டது. மற்றதை மீறிவிட்டேன். உன் மகள் நன்றாக இருக்கிறாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிட இப்போது யாரும் இல்லை.