எந்தத் துப்பாக்கி வாங்குவது

ஜனவரி 9, வியாழன்

லைசென்ஸ் வந்துவிட்டது. மைதானத்தில் பிள்ளைகள் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தபோது போனில் தகவல். விசிலை ஊதவும் மறந்து நின்றேன். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டது. பிறகு கல்யாணம், பி.டி. டீச்சர் வேலை. இரண்டு வருடமாகத்தான் மறுபடி ரைஃபிள் கிளப்புக்குப் போகிறேன், அதுவும் கிளப் துப்பாக்கிக்கு வரிசையில் நின்று. இனி எனக்கென்று ஒன்று.

வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரஃபி நிமிர்ந்து பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். சிரித்தார்.

தம்பி அக்மல் இறந்த பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ரேஞ்சில் பழனிக்குமார் சாரிடம் கேட்டேன். ராணுவத்தில் இருந்தவர், எங்கள் கிளப்பின் பயிற்சியாளர். யூடியூபில் பார்த்த செமி ஆட்டோமேட்டிக் ஒன்றைக் காட்டினேன். ஒரு முறை லோடு செய்தால் போதும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு குண்டு. வெளிநாட்டில் முதல்முறை வாங்குகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், விலையும் குறைவு என்றேன்.

சிரித்தார். "டீச்சர், அது நம்ம ஊருக்கு ஆகாது. லைசென்ஸ்ல அதுக்கு எடமில்ல. கெடச்சாலும் போட்டிக்கு ஒதவாது. ஒவ்வொரு குண்டா போட்டு, மூச்ச நிறுத்திச் சுடுறதுதான் நம்ம வெளாட்டு."

அப்போ எது? நம் நாட்டில் செய்த புது பாயிண்ட் டூ டூ ரைஃபிளா? விலை கட்டுப்படியாகும், ட்ரிக்கர் கல்லுபோல இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் விற்கிற பழைய வெளிநாட்டுத் துப்பாக்கியா? நன்றாகச் சுடும், ரிப்பேர் என்றால் பாகம் கிடைக்காது. இல்லை, லைசென்ஸே தேவைப்படாத ஏர் ரைஃபிள் போதுமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது.

ஜனவரி 15, புதன்

பொங்கல் லீவு. ஆச்சரியம். எனக்கு முன்னால் ரஃபி இதைப் பற்றிப் படித்து வைத்திருக்கிறார். புதுசையே வாங்கு, உடனே கிடைக்கும் என்கிறார். சாப்பிடும்போது அதையே பேசினார். மூன்று மாதமாக "ம்", "வேணாம்" தவிர வேறு பேசாத மனிதர்.

மாமிக்குச் சந்தோஷம். அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் புள்ள வாயத் தொறந்துட்டான்மா. அம்புட்டும் ஒன்னாலதான்."

எனக்கும் சந்தோஷம்தான். இல்லையா?

ஜனவரி 18, சனி

மதுரைக்குப் போனோம், துப்பாக்கிக் கடைக்கு. கால் வலியோடு அவரே வருகிறேன் என்றார். விபத்துக்குப் பிறகு காரில் ஏறியதே இல்லை. வேடசந்தூர் நாலுவழிச் சாலையில் அன்று வண்டி ஓட்டியது இவர். பக்கத்தில் இருந்தது அக்மல். லாரிக்காரன் மேல்தான் தப்பு என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அவர் காதில் ஏறவில்லை.

கடையில் நான் ட்ரிக்கரையும் எடையையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரஃபி கடைக்காரரிடம் கேட்டது வேறு. "வீட்ல எப்புடி வைக்கணும்? சாவி எத்தன? குண்டும் வீட்லயே வெச்சுக்கலாமா?"

கடைக்காரர், "சாவி மேடம் கையில மட்டுந்தான் இருக்கணும் சார்" என்றார்.

"சும்மா கேட்டேன்" என்றார் ரஃபி.

பொறுப்பான கேள்விதானே? யாராக இருந்தாலும் கேட்பார்கள். அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ட்ரிக்கர் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

தன் புல்லட் பைக்கை பக்ருதீனுக்குக் கொடுத்துவிட்டார். பக்ருதீன் தோல் மண்டியில் இவரோடு வேலை பார்க்கிறவர். நான் பள்ளியிலிருந்து வரும்போது வண்டி வாசலில் இல்லை. யாரையும் தொடவிடாத வண்டி.

"கால் இருக்குற இருப்புக்கு எனக்கு எதுக்கு?" என்றார்.

சரிதான். கால் சரியில்லைதான்.

பிறகு, "கடைக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டார்.

ஜனவரி 23, வியாழன்

எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா? ஒரு மனிதர் பேசுகிறார், சிரிக்கிறார், பெண்டாட்டியின் ஆசைக்குத் துணை நிற்கிறார். அதைப் போய்…

எழுத மாட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

ரேஞ்சில் இன்று ஒன்றும் சரியாகப் படவில்லை. குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. சார் துப்பாக்கியை வாங்கி, காலியாக இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதை வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"வீட்ல வைக்கிறதுதான் சார் யோசனையா இருக்கு."

நேராகக் கேட்டார். "வீட்ல யாருக்காச்சும் மனசு சரியில்லையா டீச்சர்?"

எனக்கு வந்த கோபம்! என் வீட்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்? பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வண்டி ஸ்டாண்டு வரை வந்தார். "பட்டாளத்துல ஒருத்தன்ட்ட நான் கேக்காம விட்டேன். கேட்டுருங்க. கேட்டா தப்பா எதுவும் ஆயிறாது" என்றார்.

வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

மாமி அஸர் தொழுதுகொண்டிருந்தார். ரஃபி அடுப்படியில் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "ஏங்க, அந்தத் துப்பாக்கி வீட்டுக்கு வந்தா நீங்க உங்களையே ஏதாவது பண்ணிக்குவீங்களா?" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

'பைத்தியமா உனக்கு' என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கிளாஸைக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாயை நான்தான் மூடினேன்.

"தெரியல மஹ்ஜபீன்" என்றார். "அது வரப்போகுதுன்னு நெனச்சா மனசு செத்த அடங்குது. அம்புட்டுத்தான் தெரியும்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார், காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு. நான் ஏதேதோ உளறினேன். ஏன்டா இப்புடிப் பண்ற, எனக்கு யார்டா இருக்கா — கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை 'டா' போட்டதே இல்லை. "அக்மல் என்னைய நம்பித்தான் கண்ண மூடித் தூங்கிட்டு வந்தான்" என்றார்.

மாமி வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

ஜனவரி 29, புதன்

மாமி மறைப்பார், ஊர் என்ன சொல்லும் என்பார் என்று நினைத்திருந்தேன். காலையில் புர்கா போட்டுத் தயாராக நின்றார்.

"ஒருத்தன மண்ணுல வெச்சுட்டேன். டாக்டரு எங்க இருக்காரு, நட."

ரஃபி மறுப்பார் என்று பயந்தேன். அவரே செருப்பைப் போட்டுக்கொண்டார். மனநல டாக்டர் அவரிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு என்னிடம், மாத்திரைகளை நான் வைத்துக் கொடுக்க வேண்டும், கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியாக விட வேண்டாம் என்றார். துப்பாக்கி விஷயத்தைச் சொன்னேன். "வீட்டுக்கு வேண்டாம்" என்றார், அவ்வளவுதான்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் யோசித்தேனா?

பிப்ரவரி 2, ஞாயிறு

பழனிக்குமார் சாருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். "வாங்கல சார்" என்று மட்டும் வந்தது.

"நல்லதும்மா. வாங்குறதுக்கு நாள் கெடக்கு" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மோசமான நாள். மாத்திரையைத் துப்பிவிட்டார். "எனக்கு எதுவுமில்ல, நீதான் என்னைய நோயாளி ஆக்குற" என்றார். உண்மையா? மாமி பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்குள் ரஃபியே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டார்.

நல்லது நடக்கிறதா, கெட்டது நடக்கிறதா, பார்த்துக்கொண்டே இருந்தாலும் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஜும்மா தொழுகைக்குப் போனார். பக்ருதீன் வந்து அழைத்துப் போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நோன்புப் பெருநாள் முடிந்தது. கோயம்புத்தூர்க்காரரின் பழைய துப்பாக்கி இன்னும் விற்கவில்லையாம். சிங்கிள் ஷாட், ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுவது. பழனிக்குமார் சார் அதைக் கொண்டுவரச் சொல்லி ரேஞ்சில் காட்டினார். தோளில் வைத்ததும் தெரிந்துவிட்டது, இதுதான். உடனே பயமும் வந்தது. இப்போது ஆசைப்படலாமா? ஆசைப்படாமல் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

வீட்டில் மறைக்கவில்லை. "வாங்கப் போறேன். ஆனா கிளப்போட ஸ்ட்ராங் ரூம்லதான் இருக்கும். கையெழுத்துப் போட்டு எடுத்து, கையெழுத்துப் போட்டு வெச்சுட்டு வருவேன். நம்ம வீட்டுப் படியேறாது" என்றேன்.

"என்னைய நம்பலையா?" என்றார் ரஃபி.

பொய் சொல்ல வரவில்லை. "இன்னும் இல்லங்க."

"நல்லது" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

என் துப்பாக்கியில் முதல் தடவை சுட்டேன். சுமாராகத்தான் பட்டது. ரஃபி கூட வந்தார், உள்ளே வரவில்லை. வெளியே புங்கமரத்தடியில் சாரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் துப்பாக்கியைத் துடைத்து, உள்ளே வைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் பசிக்கிறது என்றார். வடமதுரையில் ஒரு கடையில் நிறுத்தினோம். முதல் வாய் வைத்ததுமே முகம் சுளித்தார். "உப்ப அள்ளிக் கொட்டியிருக்கான். இதெல்லாம் ஒரு பிரியாணியா?" மாஸ்டரைக் கூப்பிடச் சொல்லி, எல்லோரும் திரும்பிப் பார்க்கச் சண்டை போட்டார். அரிசி வேகவில்லை, கறி ரப்பர், தொட்டுக்கொள்ள வைத்த வெங்காய வெஞ்சனத்தில் தயிரே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

கை கழுவும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"அடுத்த வாரம் வேற கடைக்குப் போவோம்."